வாசகர் கேள்வி – பதில்: எந்த ஏற்றம், எதன் மீது?

மின்விசையும் மின்புலமும் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஹற்றன் முதல் பசறை வரை மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பலர் தாம் கணக்கைச் செய்த தாளையும் சேர்த்தே அனுப்பியிருந்தது எனக்குப் பேருதவியாக இருந்தது. விடையை மட்டும் பார்த்தால் தெரியாத தடுமாற்றம், அடித்துத் திருத்திய வரிகளில் தெரிந்துவிடுகிறது. அந்தத் தாள்களில் பெருக்கல், வகுத்தல் பிழைகள் மிகக் குறைவு. எந்த மின்னேற்றம் (சுருக்கமாக ஏற்றம்) எந்த ஏற்றத்தின் மீது விசையைச் செலுத்துகிறது என்பதை எழுதிக்கொள்ளாமல் சமன்பாட்டைத் தொட்ட இடத்தில்தான் பெரும்பாலான கணக்குகள் வழி தவறியிருக்கின்றன. ஆகவே கீழே உள்ள பதில்களில் அந்த ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். இரு ஏற்றங்களின் பெருக்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, இடைத்தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விசை வரும் என்பது கூலோமின் விதி. அந்த மாறிலியை எங்கும் 9 × 10⁹ என்றும், புவியீர்ப்பை ஒரு கிலோகிராமுக்கு 10 நியூற்றன் என்றும் எடுத்துள்ளேன்.

கேள்வி: மின்புலச் செறிவு என்பது விசையை ஏற்றத்தால் வகுத்து வருவது என்று படித்தோம். அப்படியானால் அந்தப் புள்ளியில் வைக்கும் ஏற்றத்தைப் பாதியாக்கும்போது மின்புலச் செறிவு இரண்டு மடங்காக வேண்டும் அல்லவா? மாறாது என்று விடைத்தாள் கூறுகிறது. — உயர்தர மாணவி, ஹற்றன்

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஒருமுறை மனத்தால் போய் வாருங்கள். 15 கிலோகிராம் கொழுந்துள்ள சாக்கு தராசின் கொக்கியை 150 நியூற்றன் விசையோடு கீழே இழுக்கிறது. அடுத்து வருபவரின் சாக்கில் 5 கிலோகிராம்தான் இருக்கிறது. அது 50 நியூற்றனோடு இழுக்கிறது. இழுக்கும் விசையைத் திணிவால் வகுத்தால் இரண்டு முறையும் ஒரு கிலோகிராமுக்கு 10 நியூற்றன் என்றே வருகிறது. அந்த 10 சாக்குக்கு உரியதன்று. பூமி அந்த இடத்தில் உண்டாக்கி வைத்திருக்கும் புலத்துக்கு உரியது. கொக்கியில் எந்தச் சாக்கும் தொங்காத ஞாயிற்றுக்கிழமையிலும் அது அங்கே இருக்கிறது.

மின்புலத்தின் கதையும் இதுதான். ஒரு புள்ளியில் 2 மைக்ரோகூலோம் (மைக்ரோ என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) ஏற்றத்தை வைத்தபோது அதன் மீது 0.6 நியூற்றன் விசை தொழிற்பட்டது என்று கொள்வோம். வகுத்தால் ஒரு கூலோமுக்கு 3 × 10⁵ நியூற்றன். அதை எடுத்துவிட்டு 1 மைக்ரோகூலோமை வைத்தால், நீங்கள் எண்ணியதுபோல விசை 0.6 ஆகவே நிற்காது, அதுவும் 0.3 ஆகக் குறையும். வகுத்தால் பழைய எண்ணே வரும். வகுக்கும் எண் மட்டும் மாறுகிறது, வகுபடும் எண் மாறவில்லை என்று மனம் எடுத்துக்கொண்டதால் வந்த மயக்கம் இது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: நாம் வைக்கும் சோதனை ஏற்றம் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால், அருகில் உள்ள கடத்திகளின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்றங்களை அது இடம்பெயரச் செய்து, அளக்க வந்த புலத்தையே மாற்றிவிடும்.

உங்கள் தாளில் இன்னொன்றையும் கண்டேன். புள்ளி ஏற்றத்தின் மின்புலச் செறிவைக் காணும் சமன்பாட்டிலும், விசை என்பது ஏற்றத்தை மின்புலச் செறிவால் பெருக்கியது என்ற சமன்பாட்டிலும் ஒரே எழுத்தை எழுதியிருக்கிறீர்கள். முதலாவதில் இருப்பது புலத்தை உண்டாக்கும் ஏற்றம். இரண்டாவதில் இருப்பது அந்தப் புலத்துக்குள் வந்து விசையைப் பெறும் ஏற்றம். ஓர் ஏற்றம் தன்னைத் தானே தள்ளுவதில்லை. ஆகவே இரண்டுக்கும் இரண்டு எழுத்துகளை வழங்கி, எது மூலம், எது பெறுவது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: +4 மைக்ரோகூலோம், −1 மைக்ரோகூலோம் ஆகிய இரு ஏற்றங்கள் 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் உள்ளன. மின்புலச் செறிவு பூச்சியமாகும் புள்ளியைக் காண வேண்டும். மறை ஏற்றத்தைக் குறியோடு பிரதியிட்டால் வர்க்கமூலத்துக்குள் மறை எண் வந்து நிற்கிறது. குறியை விட்டுவிட்டால் +4 இலிருந்து 20 சென்ரிமீற்றர், 60 சென்ரிமீற்றர் என்று இரு விடைகள் வருகின்றன. 60 ஏற்றங்களுக்கு வெளியே இருப்பதால் அதை நீக்கிவிட்டு 20 என்று எழுதினேன், தவறு என்றார்கள். — உயர்தர மாணவி, பண்டாரவளை

நீக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்திருக்க வேண்டியதை நீக்கிவிட்டீர்கள். ஆனால் உங்கள் சமன்பாடு பிழையானதன்று. அது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. குறியை விட்டுவிட்டு எழுதியபோது, இரு புலங்களின் பருமன்களும் சமமாகும் இடங்கள் எவை என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். அத்தகைய இடங்கள் இரண்டு உண்டு. அவற்றுள் எதில் திசைகள் எதிரெதிராக இருக்கின்றன என்பதைச் சமன்பாடு அறியாது; அம்புக்குறி வரைந்துதான் அறிய வேண்டும்.

ஒரு கோட்டை வரைந்து, இடப்பக்கம் +4, வலப்பக்கம் −1 என்று குறியுங்கள். 20 சென்ரிமீற்றர் புள்ளி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே ஒரு சிறு நேரேற்றத்தை வைத்தால் +4 அதை வலப்பக்கம் தள்ளும்; −1 அதையும் வலப்பக்கமே ஈர்க்கும். ஒவ்வொன்றும் தரும் மின்புலச் செறிவு ஒரு கூலோமுக்கு 9 × 10⁵ நியூற்றன். இரண்டும் ஒரே திசையில் என்பதால் கூட்டி 18 × 10⁵. பூச்சியம் என்று நீங்கள் எழுதிய புள்ளியில் உண்மையில் இவ்வளவு வலிய புலம் இருக்கிறது என்பதைப் பார்த்தால், அம்புக்குறி வரையாமல் விடுவது எவ்வளவு பெரிய பிழையில் கொண்டுபோய் விடும் என்பது விளங்கும்.

+4 க்கு இடப்பக்கத்தில் திசைகள் எதிரெதிரே. ஆயினும் அங்கே எந்தப் புள்ளியை எடுத்தாலும் பெரிய ஏற்றமே அருகில் இருக்கும், ஆகவே சிறியது அதற்கு ஈடுகொடுக்க முடியாது. எஞ்சியிருப்பது −1 க்கு வலப்பக்கம். அங்கே திசைகளும் எதிர், சிறிய ஏற்றம் அருகில் இருப்பதால் பருமன்களும் சமமாக முடியும். ஏற்றம் நான்கு மடங்கு என்றால் தூரம் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். −1 இலிருந்து 30, +4 இலிருந்து 60 சென்ரிமீற்றர். இவ்வளவு சிந்தித்தால் இருபடிச் சமன்பாடே தேவைப்படவில்லை.

குறியைப் பற்றி என் வழக்கத்தைச் சொல்கிறேன். கூலோமின் விதியில் எப்போதும் பருமனை மட்டுமே இடுவேன். நேர், மறை என்பவற்றைப் படத்தில் அம்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் பயன்படுத்துவேன். மின்னழுத்தத்தைக் கணிக்கும்போது அது திசையற்ற எண்ணிக் கணியம் என்பதால் குறியைக் கட்டாயம் இட வேண்டும். இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றின் பழக்கம் மற்றதற்குள் புகுந்துவிடுகிறது.

கேள்வி: 30 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சமபக்க முக்கோணியின் மூன்று உச்சிகளிலும் +2 மைக்ரோகூலோம் வீதம் உள்ளது. ஒன்றின் மீதான விசை 0.8 நியூற்றன் என்று எனக்கு வந்தது. சரியா? — உயர்தர மாணவன், மஸ்கெலியா

சரியன்று. மற்ற இரண்டும் தனித்தனியே 0.4 நியூற்றன் விசையைத் தருகின்றன என்பது வரை சரி. அவை 60 பாகைக் கோணத்தில் இருப்பதால் அப்படியே கூட்டக்கூடாது. சமச்சீர் அச்சின் வழியே ஒவ்வொன்றின் கூறும் 0.4 கோசைன் 30. அதற்குச் செங்குத்தான கூறுகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். விளையுள் ஏறத்தாழ 0.69 நியூற்றன், முக்கோணிக்கு வெளிப்புறமாக. 0.8 வருவதற்கு இரண்டு ஏற்றங்களும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: 1.2 கிராம் திணிவுள்ள இரு சிறு பந்துகள் 50 சென்ரிமீற்றர் நீள இழைகளில் ஒரே புள்ளியிலிருந்து தொங்குகின்றன. சம ஏற்றம் பெற்றபின் 60 சென்ரிமீற்றர் விலகி நிற்கின்றன. ஏற்றம் 0.3 மைக்ரோகூலோம் என்று எனக்கு வருகிறது, விடை 0.6. மேலும், ஏற்றங்கள் சமமற்றவையானால் ஏற்றம் குறைந்த பந்துதான் அதிகம் விலகுமா? — உயர்தர மாணவன், தலவாக்கலை

ஒரு பந்தை மட்டும் தனியே எடுத்து, அதன் மீது தொழிற்படும் விசைகளை வரையுங்கள். கீழ்நோக்கி நிறை 0.012 நியூற்றன், இழை வழியே இழுவை, கிடையாக மற்றப் பந்தின் தள்ளுவிசை. இழையின் நீளம் 50, நிலைக்குத்திலிருந்து விலகிய தூரம் 30, ஆகவே தொங்கும் உயரம் 40. மூன்று, நான்கு, ஐந்து என்ற பழகிய செங்கோண முக்கோணி. தள்ளுவிசைக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் 30 க்கு 40. எனவே தள்ளுவிசை 0.009 நியூற்றன், இழுவை 0.015 நியூற்றன்.

இதுவரை உங்கள் தாளில் பிழையில்லை. அடுத்த வரியில் கூலோமின் விதிக்குள் தூரத்தை 0.3 மீற்றர் என்று இட்டுவிட்டீர்கள். முக்கோணிக்கு 30 பொருத்தமானது, ஏனெனில் அது பந்துக்கும் நிலைக்குத்துக் கோட்டுக்கும் இடையிலான தூரம். கூலோமின் விதி கேட்பது தள்ளுவதற்கும் தள்ளப்படுவதற்கும் இடையிலான தூரத்தை. நடுக்கோட்டில் எந்த ஏற்றமும் இல்லை; தள்ளுவது மற்றப் பந்து, அது 60 சென்ரிமீற்றர் தொலைவில் இருக்கிறது. 0.6 ஐ இட்டால் ஏற்றத்தின் வர்க்கம் 3.6 × 10⁻¹³, வர்க்கமூலம் 0.6 மைக்ரோகூலோம்.

இரண்டாவது கேள்வி அழகான கேள்வி. ஏற்றம் கூடியது வலிமையாகத் தள்ளும், குறைந்தது மெதுவாகத் தள்ளும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் நியூற்றனின் மூன்றாம் விதி இங்கே விலக்கின்றிச் செல்லுபடியாகும்: முதற்பந்து இரண்டாவதின் மீது செலுத்தும் விசையும், இரண்டாவது முதற்பந்தின் மீது செலுத்தும் விசையும் பருமனில் சமம், திசையில் எதிர். கூலோமின் விதியில் ஏற்றங்களின் பெருக்கம் வருவதும் அதனால்தான். எதை முன்னே எழுதினாலும் பெருக்கம் ஒன்றே. ஒரு பந்தில் 1.2, மற்றதில் 0.3 மைக்ரோகூலோம் இருந்தாலும் பெருக்கம் மாறாததால் இதே படம், இதே கோணங்கள் கிடைக்கும். கோணங்கள் வேறுபட வேண்டுமானால் திணிவுகள் வேறுபட வேண்டும். பாரமான பந்து குறைவாக விலகும். வீட்டில் ரெஜிபோம் மணிகள் இரண்டைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, கம்பளியில் தேய்த்த பிவிசி குழாய்த் துண்டால் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். இதை நீங்களே காணலாம். ஈரக் காற்றில் ஏற்றம் விரைவில் கசிந்துவிடும். ஆகவே தை, மாசி மாதங்களின் வறண்ட காலைப்பொழுது இதற்கு ஏற்றது.

கேள்வி: ஒரு கணக்கின் விடையாக 3.6 × 10⁹ நியூற்றன் வந்தது. அப்படியும் இருக்க முடியுமா? — உயர்தர மாணவி, பசறை

மைக்ரோ என்ற சொல்லைப் பிரதியிடும்போது விட்டுவிட்டீர்கள், தாளைப் பார்த்தேன். ஒரு கூலோம் என்பது எவ்வளவு பெரிது என்பதை அறிந்துவைத்தால் இத்தகைய விடையைக் கண்டதும் கை நின்றுவிடும். 1 கூலோம் வீதமுள்ள இரு ஏற்றங்களை 1 மீற்றர் இடைவெளியில் வைக்க முடிந்தால் விசை 9 × 10⁹ நியூற்றன், அதாவது 900 மில்லியன் கிலோகிராமின் நிறை. இலங்கையின் தேயிலை உற்பத்தி அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 250 மில்லியன் கிலோகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்து வருகிறது. நாட்டின் மூன்று ஆண்டுத் தேயிலை முழுவதையும் தூக்கி நிறுத்தக்கூடிய விசை அது. 1785 இல் கூலோம், மெல்லிய கம்பி முறுக்கப்படும் அளவைக்கொண்டு இந்த விதியை நிறுவியபோது அவர் அளந்தவை மிகச் சிறிய விசைகளே.

கேள்வி: எங்கள் ஊரில் பனிமூட்டம் மணிக்கணக்காக மிதக்கிறது. நீர்த்துளிகளில் ஏற்றம் இருந்து, பூமியின் மின்புலம் அவற்றைத் தாங்குகிறதா? — தரம் 11 மாணவன், நானுஓயா

கேள்வியை எண்களால் சோதித்துப் பார்க்க முடியும் என்பதால் இதை மிகவும் விரும்பினேன். பனிமூட்டத்தின் துளி ஒன்றின் ஆரையை 10 மைக்ரோமீற்றர் என்று எடுத்தால் அதன் நிறை ஏறத்தாழ 4.2 × 10⁻¹¹ நியூற்றன். தெளிந்த வானிலையில் நிலத்துக்கு அருகே பூமியின் மின்புலச் செறிவு ஏறத்தாழ ஒரு கூலோமுக்கு 100 நியூற்றன், கீழ்நோக்கி. துளியில் ஓர் இலத்திரன் மிகையாக இருந்தால் அதன் மீதான மேல்நோக்கிய விசை 1.6 × 10⁻¹⁷ நியூற்றன். நிறை இதைப்போல் 26 இலட்சம் மடங்கு. ஓர் இலத்திரனைக் கொண்டே துளியைத் தாங்க வேண்டுமானால் 2.6 × 10⁸ அளவான மின்புலச் செறிவு தேவை. காற்றோ ஏறத்தாழ 3 × 10⁶ இலேயே காவலித் தன்மையை, அதாவது மின்னைக் கடத்தாத தன்மையை, இழந்து பொறி பாய விட்டுவிடும்.

ஆகவே மின்புலம் தாங்கவில்லை. துளி உண்மையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றின் தடையால் அதன் கதி செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டுகிறது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மெல்லிய காற்றே அதை ஈடுசெய்யப் போதும். ஆனால் ஆரையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். நிறை ஆயிரத்தில் ஒன்றாகும். தேவையான மின்புலச் செறிவு 2.6 × 10⁵ ஆகும், அதைக் காற்று தாங்கும். அந்த அளவான எண்ணெய்த் துளிகளை இரு உலோகத் தட்டுகளுக்கு இடையே நிறுத்தித்தான் மிலிக்கன் 1909 முதலாக இலத்திரனின் ஏற்றத்தை அளந்தார். 1923 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். உங்கள் எண்ணம் பனிமூட்டத்துக்குப் பொருந்தாவிட்டாலும், துளி சிறிதாகவும் புலம் பூமியினுடையதைவிட மிக வலிதாகவும் இருந்திருந்தால் பொருந்தியிருக்கும்.

கேள்வி: என் அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) தேயிலை தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். அங்கே சுழலும் பிவிசி உருளைகள் தேயிலைக்கு மேலே ஓடும்போது நாரும் காம்பும் தாமாக எழும்பி உருளையில் ஒட்டிக்கொள்கின்றனவாம். ஏற்றம் இல்லாத நாரை உருளை எப்படி ஈர்க்கிறது என்று அப்பா கேட்டார். விசை என்பது ஏற்றத்தை மின்புலச் செறிவால் பெருக்கியது என்றால், ஏற்றம் பூச்சியமாகும்போது விசையும் பூச்சியமாக வேண்டும். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. — உயர்தர மாணவி, பொகவந்தலாவை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிலைமின்னியலைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. வேலைத்தலத்தில் கண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கேட்ட உங்கள் தந்தைக்கு என் வணக்கம்.

உருளை சுழலும்போது அதன் மேற்புறத்தில் அழுத்தி வைக்கப்பட்ட கம்பளித் துணியில் உராய்கிறது. பிவிசி கம்பளியிலிருந்து இலத்திரன்களைப் பெற்று மறையேற்றம் அடைகிறது. பிவிசி காவலி ஆதலால் அந்த ஏற்றம் ஓடிவிடாமல் மேற்பரப்பில் தங்கியபடியே கீழே, தேயிலைக்கு மேலாக வருகிறது. அங்கே கிடக்கும் நாரின் மொத்த ஏற்றம் பூச்சியம் என்பது உண்மையே. ஆனால் மொத்தம் பூச்சியம் என்றால் உள்ளே ஏற்றமே இல்லை என்று பொருளன்று. நேரும் மறையும் சம அளவில் இருக்கின்றன. உருளையின் மறையேற்றம் நாரில் உள்ள மறையேற்றங்களைச் சற்றே அப்பால் தள்ளுகிறது, நேரேற்றங்களைத் தன் பக்கம் இழுக்கிறது. இதை முனைவாக்கம் என்கிறோம். இப்போது நாரின் மேல் முனை சிறிது நேராகவும், கீழ் முனை அதே அளவு மறையாகவும் இருக்கிறது.

எந்த ஏற்றம், எதன் மீது என்று இங்கேயும் கேட்போம். உருளை, நாரின் மேல் முனையை ஈர்க்கிறது. அதே உருளை கீழ் முனையைத் தள்ளுகிறது. ஏற்றங்கள் சமம், தூரங்கள் சமமல்ல. உருளையின் ஏற்றத்தை ஒரு புள்ளியாகக் கொண்டு, மேல் முனை 2, கீழ் முனை 3 சென்ரிமீற்றர் தொலைவில் இருப்பதாகக் கணித்தால், தள்ளும் விசை ஈர்க்கும் விசையின் ஒன்பதில் நான்கு பங்குதான். நீண்ட உருளைக்கு மின்புலச் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு அல்லாமல், அச்சிலிருந்தான தூரத்துக்கு நேர்மாறு விகிதசமனாகவே குறையும்; அதனால் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது, ஆயினும் ஈர்ப்பே மிஞ்சும். நீங்கள் எழுதிய சமன்பாட்டை ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியே பிரயோகித்துக் கூட்ட வேண்டும். மின்புலம் இரு முனைகளிலும் ஒரே அளவாக, அதாவது சீராக, இருந்தால் மட்டுமே விளையுள் விசை நீங்கள் சொன்னபடி பூச்சியமாகும்.

உருளை நேரேற்றம் பெற்றிருந்தாலும் நார் இதேபோல ஈர்க்கப்பட்டிருக்கும் என்பதையும் கவனியுங்கள். முனைகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவே. ஆகவே இரு பொருள்கள் ஈர்த்துக்கொண்டதைக் கொண்டு இரண்டிலும் எதிர் ஏற்றங்கள் உள்ளன என்று முடிவு கட்ட முடியாது. ஒன்றையொன்று தள்ளினால்தான் இரண்டுமே ஏற்றம் பெற்றவை என்று துணிந்து சொல்லலாம். பல்தேர்வு வினாக்களில் இந்த இடத்தில் புள்ளியை இழப்பவர்கள் மிகப் பலர்.

தேயிலைத் தூள் எழும்பாமல் நாரும் காம்பும் மட்டும் ஏன் எழும்புகின்றன என்பது அடுத்த கேள்வி. உலர்த்தி எடுத்த தேயிலையில் ஈரம் நூற்றுக்கு 3 பங்களவே இருக்கும்; நாரும் காம்பும் இலைத் துணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாக ஈரத்தை வைத்திருக்கும். ஈரம் உள்ள இடத்தில் ஏற்றங்கள் எளிதாக நகர்வதால் முனைவாக்கம் வலுவாகிறது. நார் மெல்லியது, நிறை குறைந்தது என்பதும் சேர்ந்துகொள்கிறது. நிறையை வெல்லும் ஈர்ப்பு நாருக்குக் கிடைக்கிறது, கனத்த துணிக்கைக்குக் கிடைப்பதில்லை.

மழைநாளில் அறையின் ஈரப்பதம் கூடும்போது உருளையின் மேற்பரப்பில் நுண்ணிய நீர்ப்படலம் படிந்து, ஏற்றம் அதன் வழியே கசியத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் நார் பிடிபடும் அளவு குறைகிறதா, அப்போது கம்பளித் துணியை மாற்றுகிறார்களா, அறையைச் சூடாக்குகிறார்களா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்; அவர் கண்டதை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.